இரண்டு கேமராக்களும் ஒரு சீல் எண்ணும்

போன மாதம் என் பழைய அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களில் ஒருவர் அலமாரியிலிருந்து இரண்டு கேமராக்களையும் எடுத்து மேசைமேல் வைத்தார். "அங்கிள், ரெண்டுல எது நல்லது? வேலைக்கு எத எடுத்துக்கிட்டுப் போறது?" என்று கேட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நழுவிவிட்டேன். அது நேர்மையான பதில் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர்களைப் பார்வையிட வேண்டும், படம் எடுக்க வேண்டும், பார்த்ததை அறிக்கையாக எழுத வேண்டும். சரக்கு நனைந்தாலும் உடைந்தாலும் காணாமல் போனாலும், யார் மேல் பழி விழும் என்பதை நம் படங்கள்தான் பாதி முடிவு செய்கின்றன. அந்தப் பாதியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நிம்மதி கிடையாது.

இரண்டு கேமராக்களையும் செய்தவர்கள் இரண்டு விதமாக யோசித்திருக்கிறார்கள். கறுப்பு கேமராவில் எல்லாம் திருகுகள். வெளிச்சத்துக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று, லென்ஸைச் சுற்றி ஒரு வளையம். எந்த எண்ணில் வைத்திருக்கிறோம் என்பது மேலேயே தெரியும். ஜூம் கிடையாது. ஒன்று பெரிதாகத் தெரிய வேண்டுமானால் அதன் பக்கத்தில் நடந்து போக வேண்டும். படம் சுமாராகத்தான் இருக்கும். இருட்டு என்றால் மணல் தூவினதுபோல் புள்ளி புள்ளியாக வரும்.

சாம்பல் நிறக் கேமரா அதற்கு நேர் எதிர். ஒரு பெரிய திரை, ஒரு பொத்தான், நீளமான ஜூம். மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. இருட்டை வெளிச்சமாக்கும், கை நடுங்கினாலும் சமாளிக்கும், புள்ளிகளைத் துடைத்துவிட்டுப் படத்தைப் பளிச்சென்று கொடுக்கும். அறிக்கையில் ஒட்டினால் வாடிக்கையாளருக்கே சந்தோஷமாக இருக்கும்.

கறுப்பைக் கும்பிட்டுவிட்டுச் சாம்பலைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. கறுப்பு என் மானத்தை வாங்கியிருக்கிறது. ஒருமுறை பையில் உரசி அதன் திருகு நகர்ந்துவிட்டது. நான் மேலே பார்க்காமல் ஒரு காலைப் பொழுது முழுக்கப் படம் எடுத்தேன். அத்தனையும் வெள்ளை. கப்பல் அதற்குள் கிளம்பிவிட்டது. சாம்பலோ ஒருமுறை ஐந்தாவது அடுக்கில் இருந்த கண்டெய்னரின் கூரை ஓட்டையைத் தரையிலிருந்தே பிடித்துக் கொடுத்தது. நான் ஏணியில் ஏறியிருந்தால் இடுப்பை முறித்துக்கொண்டிருப்பேன். அதனால் அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்திருந்தது. அந்த மரியாதைதான் செல்வாவைப் போலீஸ் லாக்கப்பில் உட்கார வைத்தது.

செல்வா லோரி ஓட்டுநர். கிள்ளான்காரர். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். ஆறேழு வருடம் தினமும் பார்த்தும் எங்களுக்குள் "என்னா அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்பதைத் தாண்டிப் பெரிதாகப் பேச்சு இருந்ததில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை. நல்ல மழை. சுங்கத்துறை பரிசோதனைக்காக ஒரு கண்டெய்னரைத் திறந்து, முன்வரிசைப் பெட்டிகளை மட்டும் பார்த்துவிட்டு மூடச் சொன்னார்கள். கதவை மூடினால், உடைக்காமல் திறக்க முடியாத, எண் போட்ட புதுச் சீல் ஒன்றைப் போட வேண்டும். கொட்டகையில் சீல்களை வைத்திருப்பவர் ஜமால் பாய். ஒரு மரப்பெட்டிக்குள் கைவிட்டு அகப்பட்டதை எடுப்பார், கதவில் பூட்டுவார். அந்த எண்ணைப் பார்த்துப் படம் எடுத்து, பாரத்தில், அதாவது பரிசோதனைப் படிவத்தில், எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

ஜமால் பாய் பூட்டின கையோடு பின்னால் நின்ற லோரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. செல்வா வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி மழைக்குள் நிறுத்தினார். நான் கொட்டகைக் கூரைக்குக் கீழே நின்றேன். சீலுக்கும் எனக்கும் இருபது அடி இருக்கும். பத்து எட்டு வைத்தால் போதும். ஆனால் மழை. சாம்பலைத் தூக்கி ஜூம் பண்ணினேன். திரையில் எண் கண்ணாடிபோல் தெரிந்தது. கடைசி நான்கு எண்கள் 4183. அதைப் பார்த்து அப்படியே பாரத்தில் எழுதினேன். முழுக் கதவுக்கும் ஒரு படம் வேண்டும் என்பது நம் விதி. அதை வழக்கம்போல் கறுப்பில் எடுத்தேன், அதே இடத்தில் நின்றபடி. செல்வா கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு மேனேஜர் போன் பண்ணினார். சுபாங் ஜெயா கிடங்கில் கண்டெய்னரைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே பின்பக்கம் பெட்டிகள் குறைகின்றன. கதவில் இருந்த சீலின் எண் 4188.

"நீங்க எழுதுனது 4183 தானே?" என்றார்.

"ஆமா."

"போட்டோ இருக்குல்ல?"

"தெளிவா இருக்கு."

"அப்ப நமக்குப் பிரச்சினை இல்ல. லோரி டிரைவரு வழியில சீல மாத்தியிருக்கான். போலீஸ் அவனக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நீங்க போய் ஸ்டேட்மெண்ட் குடுத்துட்டு வந்துடுங்க."

நமக்குப் பிரச்சினை இல்லை என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

போலீஸ் நிலையத்தில் விசாரணை அதிகாரி இளவயதுக்காரர். மலாய்க்காரர். மரியாதையாகப் பேசினார். அவர் மலாயில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"சீல் பக்கத்தில் போய்த்தான் பார்த்தீர்களா, அங்கிள்?"

ஒரு விநாடி தயங்கினேன். "பக்கத்தில்தான்" என்றேன்.

அவர் அதை எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு சீல்களும் ஒரே எண் வரிசையில் இருப்பதால், கொட்டகையிலிருந்தே யாரோ உதிரிச் சீல் ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அப்படியென்றால் அடுத்தது ஜமால் பாய். மறுநாள் காலை செல்வாவை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, ஒரு வாரம் காவலில் வைக்க அனுமதி கேட்கப் போவதாகச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் செல்வாவின் மனைவி லதா உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலைச் சீருடையோடு ஷிப்டிலிருந்து நேராக வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"அண்ணே, நீங்க அங்க வேல செய்றவங்கதானே? அவரு எங்கயும் நிறுத்தலன்னு சொல்றாரு. ஹைவேல தண்ணி ஏறி ஜாமாச்சு, அதுலதான் நேரமாச்சுன்னு சொல்றாரு. நீங்க கொஞ்சம் சொல்லுங்கண்ணே."

"பாப்போம்மா" என்றேன். அவர் கணவரை உள்ளே வைத்திருப்பதே என் படம்தான் என்று அவருக்குத் தெரியாது.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தபோது ஆறரை மணி. செல்வா திருடினாரா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. திருடியிருக்கிறார் என்றே நம்பினேன். படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. என்னை உறுத்தியது 'பக்கத்தில்தான்' என்று நான் சொன்ன ஒற்றை வார்த்தை. அது பொய். பொய்யாக இருந்தாலும் எண் சரிதானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்ளத்தான் படத்தைக் கணினியில் திறந்தேன்.

பெரிதாக்கினேன். 4183. சந்தேகமே இல்லை. ஆனால் பார்க்கப் பார்க்க வேறொன்று கண்ணில் பட்டது. சுற்றியிருந்த கதவில் மழைத்துளிகள் வழிந்துகொண்டிருந்தன. எண்ணின்மேல் மட்டும் ஒரு துளிகூட இல்லை. அச்சடித்த காகிதத்தில் இருப்பதுபோல் ஓரங்கள் கூர்மையாக இருந்தன. கொட்டும் மழையில், இருபது அடி தூரத்தில், கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்கின்மேல் இருக்கும் எண் அப்படித் தெரியுமா?

கறுப்பு எடுத்த முழுக் கதவுப் படத்தைத் திறந்தேன். சீல் இருந்த இடத்தைப் பெரிதாக்கினேன். வெறும் புள்ளிகள். எண் இருக்கிறது என்று தெரிகிறது, என்ன எண் என்று தெரியவில்லை. கடைசி எண்ணின் இடதுபக்கம் கொஞ்சம் அடைத்தாற்போல் இருந்தது. எட்டாக இருக்கலாம். அழுக்காகவும் இருக்கலாம்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே நிமிடம், அதே இடம், அதே மழை. ஒரு கேமரா தனக்குத் தெரியவில்லை என்கிறது. இன்னொன்று மூன்று என்று அடித்துச் சொல்கிறது. அதற்கு மட்டும் எப்படித் தெரிந்தது? தெரியாத இடத்தை அது தானாக நிரப்பிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாததல்ல. புள்ளிகளைத் துடைத்துக் கோடுகளைக் கூர்மையாக்குவதுதான் அதன் வேலை. அதற்காகத்தான் அதை வாங்கினோம். முகம், சுவர், பெட்டி என்றால் அதனால் பாதகமில்லை. எண்ணில் அதே வேலையைச் செய்தால்?

என் சந்தேகம் சரியென்றால் சீல் மாறவே இல்லை. செல்வா எதுவுமே செய்யவில்லை. தவறென்றால், பொய் வாக்குமூலம் கொடுத்ததை நானே ஒப்புக்கொண்டு, ஒரு திருடனையும் காப்பாற்றியவன் ஆவேன். இதற்கு நடுவே நிற்க இடமில்லை. மனைவி வந்து "என்னங்க, பிரஷர் மாத்திர போட்டீங்களா?" என்று கேட்டாள். போட்டேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை.

படுக்கையில் புரண்டுகொண்டிருந்தபோதுதான் அந்த மரப்பெட்டி நினைவுக்கு வந்தது. சீல் மாறவில்லை என்றால், 4183 என்ற சீல் கதவில் ஏறவே இல்லை. அது இன்னும் ஜமால் பாயின் பெட்டிக்குள்தான் கிடக்க வேண்டும்.

காலையில் முதல் கொமுட்டர் ரயிலைப் பிடித்தேன். போர்ட் கிள்ளான் கடைசி நிலையம். வழியெல்லாம் ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து மூடுவதற்குள் எனக்கு ஒரு யுகம் போனது. கொட்டகையில் ஜமால் பாய் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. போலீஸ் தன்னைத் தேடுவது அவர் காதுக்கும் போயிருந்தது.

"பாய், அந்த சீல் பெட்டியக் கொஞ்சம் காட்டுங்க."

அவர் எழுந்து பெட்டிக்கு முன்னால் மறைத்து நின்றார். "எதுக்கு? என்னயும் மாட்டிவிடறதுக்கா? ஒங்க போட்டோனாலதான் எம்பேரு இழுபடுது."

"இல்ல பாய். என் போட்டோ தப்போன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

அவர் என்னை நம்பவில்லை. கொட்டகை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "நான் எடுக்கிறேன். நீங்க கை வைக்காதீங்க. அப்புறம் நீங்கதான் போட்டீங்கன்னு சொல்லுவாங்க" என்றார். அந்தப் பதற்றத்திலும் எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஒவ்வொரு சீலாக எடுத்து வரிசையாக வைத்தார். 4191. 4186. 4182. 4195. எண்பத்தெட்டு இல்லை, அது போலீஸிடம் இருக்கிறது. எண்பத்து மூன்றும் வரவில்லை. பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. ஏழெட்டுச் சீல்தான் பாக்கி. கடைசிச் சீலையும் எடுத்து வைத்தார். இல்லை.

"இல்லயே" என்றார் ஜமால் பாய். இப்போது அது இல்லாவிட்டால் அவருக்கும்தான் ஆபத்து.

பெட்டியை வெளிச்சத்துக்குச் சாய்த்தார். அடிப்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் நடுவே இருந்த பிளவில் ஒரு சீலின் தலை சிக்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். இந்த முறை நானே, என் கண்ணால், ஒரு சாண் தூரத்தில். 4183.

"அல்லாவே" என்று ஜமால் பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதை வெளியே எடுக்க விடவில்லை. கறுப்பு கேமராவை நெருக்கமாகக் கொண்டுபோய், கிடந்த இடத்திலேயே படம் எடுத்தேன். பிறகு மேனேஜருக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு நிமிஷம் யோசிங்க லா. இந்த வருஷம் பூரா சீல் போட்டோ எல்லாம் அந்தக் கேமராவுலதான் எடுத்திருக்கோம். இத நீங்க போய்ச் சொன்னா எல்லா ரிப்போர்ட்டையும் நோண்டுவாங்க. திங்கக்கெழம லாயர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணலாம்."

"இன்னிக்குக் காலையில ரிமாண்ட் கேக்கப் போறாங்க. திங்கக்கெழமன்னா அவரு உள்ளயே இருப்பாரு."

"அது நம்ம கையில இல்ல."

"அதுதான் சார் நம்ம கையில இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். தைரியமாகச் சொன்னதாக நினைக்காதீர்கள். வைத்த பிறகு அதிகாரியின் எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினேன்.

விசாரணை அதிகாரியைப் போனில் பிடித்தேன். "நேற்று நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பொய் இருக்கிறது" என்றுதான் ஆரம்பித்தேன். அவர் நீதிமன்றத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "அங்கேயே இருங்கள்" என்றார். அரை மணி நேரத்தில் இரண்டு பேரோடு வந்தார். பிளவில் கிடந்த சீலை அவரே கையுறை போட்டு எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி. ஆனால் கேமரா எப்படி எட்டை மூன்று என்று காட்டும்? எனக்குக் காட்டுங்கள்."

எட்டில் முடியும் வேறொரு சீலை ஜமால் பாய் ஒரு லோரிக் கதவில் மாட்டினார். மழை இல்லை, தூறல்தான். யாரோ குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தார்கள். நான் அதே இடத்தில் நின்று சாம்பலில் எடுத்தேன். எட்டு. இரண்டாவது முறை. எட்டு. மூன்றாவதும் எட்டு. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இதுவரை சொன்னதெல்லாம் கிழவனின் கற்பனையாகப் போகிறது என்று நினைத்தேன். நான்காவது முறை அழுத்தினேன். திரையை அவர்தான் முதலில் பார்த்தார்.

"மூன்று" என்றார்.

அழகான, சுத்தமான மூன்று. ஒரு துளி தண்ணீர் இல்லாத மூன்று.

நேற்று கறுப்பில் எடுத்த கதவுப் படத்தையும் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். "இதில் எதுவுமே தெரியவில்லையே" என்றார்.

"ஆமாம். நேற்று என் பாரத்திலும் நான் அதைத்தான் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் மழையில் பத்து எட்டு வைத்துப் பக்கத்தில் போயிருக்க வேண்டும்."

அன்று பிற்பகல் செல்வாவை விட்டுவிட்டார்கள். கண்டெய்னர் கிளம்பிய ஊரிலேயே பெட்டிகள் குறைவாக ஏற்றப்பட்டிருந்தன என்பது சில வாரங்கள் கழித்துத் தெரிய வந்தது. வாக்குமூலத்தை மாற்றியதற்காக என்னை எச்சரித்து அனுப்பினார்கள். அலுவலகத்தில் இரண்டு மாதம் வெளிவேலை தராமல், அந்த வருடத்துச் சீல் படங்கள் அத்தனையையும் என்னையே திரும்பப் பார்க்க வைத்தார்கள். அது தண்டனை என்று நினைத்துத்தான் மேனேஜர் கொடுத்தார். எனக்கு அது தேவையாக இருந்தது. இன்னொரு செல்வா அதற்குள் எங்காவது இருக்கிறாரா என்று ஒவ்வொரு படத்தையும் பயந்து பயந்து திறந்தேன். சந்தேகமான மூன்று படங்களைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தேன். அதனால் யாருக்கும் கேடு வந்திருக்கவில்லை. அது என் அதிர்ஷ்டம், என் திறமை இல்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. இரண்டையும் எடுத்துப் போங்கள். உயரத்தில் இருப்பதற்கும் எட்டாததற்கும் சாம்பல். யாருடைய பெயரோ, எண்ணோ, கையெழுத்தோ இருக்கிற எதற்கும் கறுப்பு, அதுவும் பக்கத்தில் போய். எந்தக் கேமராவாக இருந்தாலும் திரையைப் பார்த்துப் பாரம் எழுதாதீர்கள். பொருளைப் பார்த்து எழுதுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதுங்கள். அப்படி எழுதியதற்காக யாரும் உங்களை வேலையைவிட்டு நீக்கமாட்டார்கள். நீக்கினாலும் அது தாங்கக்கூடிய கஷ்டம்தான்.

அதன் பிறகு செல்வா லோரி ஓட்ட வரவில்லை. ஏழெட்டு மாதம் கழித்துக் கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தற்செயலாகப் பார்த்தேன். இப்போது ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ் ஓட்டுகிறாராம். நான் போய் எதிரே நின்றதும், "ஒக்காருங்கண்ணே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்டேன். அவர் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்ணே. அந்தப் போட்டோவப் பாத்துட்டு நான் செஞ்சிருப்பேன்னு நம்புனீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்.

"நம்புனேன்" என்றேன். "அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் நம்புனேன்."

செல்வா தலையை ஆட்டினார். கோபம் எதுவும் தெரியவில்லை.

"ஸ்டேஷன்ல எனக்கும் அதக் காட்டுனாங்கண்ணே" என்றார். "அவ்வளவு தெளிவா இருந்துச்சு. ஜாம்ல கண்ணசந்துட்டனோ, அந்நேரம் யாராச்சும் வந்து மாத்திட்டானோன்னு ராத்திரி பூரா யோசிச்சேன். விடியறதுக்குள்ள, நாந்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நானே நம்பிட்டேன்."